மரங்களில்லாத திருச்சியிலிருந்து

முதலில் மரங்களை எடுத்தேன். பிறகு சாலையில் ஓடும் வண்டிகளை, பிறகு தண்ணீரின் மினுமினுப்பை, பிறகு கட்டடங்களின் நிழல்களை. ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கக் கம்ப்யூட்டரின் விசிறி அலறுவது அடங்கிக்கொண்டே வந்து, திரையில் படம் திக்கித் திக்கி நகராமல் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருக்கிறது. இப்போது என் திருச்சி மொட்டைத் திருச்சி. மலைக்கோட்டை ஒரு பழுப்பு மேடு. காவிரி யாரோ உலரப் போட்ட நீலத் துணி. ஸ்ரீரங்கத்தில் கோபுரம் இல்லை; அதை நான் எடுக்கவில்லை, இலவசமாகக் கிடைத்த இந்த நிலப்படத்தைச் செய்த புண்ணியவான், எந்த நாட்டில் உட்கார்ந்து செய்தாரோ, வைக்கவே இல்லை. அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, சும்மா கொடுத்தவரிடம் கோபுரம் எங்கே என்று கேட்க முடியுமா. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டரில் புதியது ஒன்று வந்திருக்கிறது, அதில் கோபுரம், தேர், தெப்பக்குளம் எல்லாம் இருக்கிறதாம், ஆனால் அது ஓட வேண்டுமானால் கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒன்று வேண்டும், அதன் விலையைக் கேட்டதும் நான் கடைக்காரரிடம் பென்டிரைவ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அதனால் பழைய சிமுலேட்டர், ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர், கருமண்டபத்தில் ஒருவர் ஆசை விட்டுப்போய் விற்ற ஜாய்ஸ்டிக். அந்த ஜாய்ஸ்டிக்கை முறுக்கினால் விமானத்தின் மூக்கு திரும்ப வேண்டும், திரும்பாது, அதற்குக் கீபோர்டில் இரண்டு பொத்தான். மற்றபடி நல்ல ஜாய்ஸ்டிக்தான். ஓடுபாதை இருக்கிறது, அதன் முனையில் வெள்ளையில் எழுதிய எண் இருக்கிறது, அந்த எண்ணைப் பார்த்ததும் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். இது போதாதா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சமையலறையில் மதி எதையோ தாளிக்கிறாள், கடுகு வெடிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நிஜமான ஏர்போர்ட் பக்கமிருந்து நிஜமான விமானம் ஒன்று இரைந்துகொண்டு ஏறுகிறது, அதில் இருப்பவர்களுக்கு மரங்கள் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் தில்லைநகர் அறையில் இருந்தபோது ஞாயிறு முழுக்க இதே வேலைதான். அறை நண்பன் துணிகளை ஊற வைத்துவிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று, எங்கேடா போற, என்பான். கொழும்பு என்பேன். வரும்போது ஒரு டீ வாங்கிட்டு வா என்பான். பிறகு கல்யாணம், குழந்தை, கம்ப்யூட்டர் ஒரு மழை நாளில் செத்துப்போனது, வேலை. வேலை என்றால் மருந்து மொத்த விற்பனை ஏஜென்சியில் போன் மேஜை. காலையிலிருந்து இரவு வரை மருந்துக் கடைகளிலிருந்து ஆர்டர் வாங்குவது. ஜெயங்கொண்டத்திலிருந்து கூப்பிடுகிற கடைக்காரர் ஹலோ சொல்வதற்குள் நான் அவர் பெயரைச் சொல்லி, அண்ணே போன வாரம் கேட்ட சிரப் வந்துருச்சு என்பேன். என் குரலைப் பற்றி ஊருக்குள் ஒரு பேச்சு இருந்தது, பொய் சொல்லவில்லை. சிமுலேட்டர் நாட்களில்கூட, முகம் தெரியாத ஒரு ஆள் வானத்தின் எங்கோ ஒரு மூலையிலிருந்து, உனக்கு நல்ல ரேடியோ குரல் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அதை நான் மதியிடம் பெண் பார்க்கப் போன அன்றே சொல்லிவிட்டேன். அவள் அம்மாவுக்கு நான் ரேடியோவில் வேலை பார்ப்பதாகப் புரிந்தது தனிக் கதை.

அந்தக் குரல் இப்போது இல்லை. தைராய்டில் கட்டி, எடுத்தார்கள், கட்டி நல்ல கட்டிதான், பயப்பட வேண்டாம் என்றார்கள், ஆனால் தொண்டைக்குள் ஒரு நரம்பு களைத்துப்போய்விட்டது. குரல்நாண் இரண்டில் ஒன்று வேலை செய்கிறது, இன்னொன்று அரசாங்க விடுமுறையில் இருக்கிறது. வருகிற சத்தம் பாதி காற்று, பாதி மணல். நாலு வாக்கியம் பேசினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் என்னவோ, பேசப் பேசத்தான் சரியாகும் என்கிறார். பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாவும் அதையேதான் சொன்னார், சத்தம் போடாதீங்க, தாழ்த்திப் பேசுங்க, வயித்துலேர்ந்து தள்ளுங்க, சின்னச் சின்னதாப் பேசுங்க. சரிதான். ஆனால் யாரிடம் பேசுவது? நான் வாயைத் திறந்ததும் ஆட்டோக்காரர், என்ன சார் சளியா என்கிறார். பேங்கில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், சார் கொஞ்சம் சத்தமா, என்றாள், சத்தமாகச் சொன்னேன், காற்று மட்டும் போனது, பின்னால் வரிசையில் நின்றவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து என் சார்பில் பேசத் தொடங்கினார். நான் எதற்கு வந்தேன் என்று அவருக்கு என்ன தெரியும்? அவர் பாட்டுக்கு நான் செக்புக் கேட்பதாகச் சொன்னார். நான் செக்புக் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து வெளியாட்களிடம் பேசுவதை விட்டுவிட்டேன். எப்போது முடிவெடுத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், முடிவென்று எதுவும் எடுக்கவில்லை, மதி பேசத் தொடங்கினாள், நான் நிறுத்தினேன், இதில் எது முதலில் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. போன் வந்தால் அவள். காய்கறிக் கடையில் அவள். கல்யாண வீட்டுப் பந்தியில், அவருக்கு வத்தக்குழம்பு வேண்டாங்க என்று அவள், எனக்கு அன்றைக்கு வத்தக்குழம்புதான் வேண்டியிருந்தது. ஏஜென்சியில் என்னைப் பின்கட்டில் பில் சரிபார்க்கிற மேஜைக்கு மாற்றினார்கள். அங்கே பேச வேண்டியதில்லை. ஆர்டருக்குக் கிடைத்த கமிஷனும் இல்லை, அதனால்தான் இந்த மொட்டைத் திருச்சி.

இன்று என்னைக் குடைவது இதுதான். இந்த விமானத்தை நான் தனியாகவும் ஓட்டலாம், யாரிடமும் பேசாமல், மதுரைக்குப் போய்விட்டு வரலாம், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தில்லைநகர் நாட்களில் நான் பறந்த அந்த இணைய வலையமைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, தேடிப் பார்த்தேன். உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் அதில் இருக்கிறார்கள். சிலர் விமானம் ஓட்டுகிறார்கள், சிலர் கட்டுப்பாட்டு அறை ஆட்களாக உட்கார்ந்து, நீ ஏறு, நீ இறங்கு, நீ சற்று நில் என்று நிஜமான வாய்ப்பேச்சில், நிஜமான விதிகளோடு சொல்கிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஏன் செய்கிறார்கள்? நான் ஏன் செய்கிறேன் என்று தெரிந்தால் அதற்கும் பதில் சொல்வேன். பறப்பதற்கு முன் அந்த வலையமைப்பு ஒரு கேள்வி கேட்கும், பேசுவாயா, கேட்டுக்கொண்டு எழுதுவாயா, எழுத மட்டும் செய்வாயா. மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். எழுத மட்டும் என்று அழுத்தினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். காது கேளாதவர்கள், குழந்தை தூங்குகிற வீட்டுக்காரர்கள், எத்தனையோ பேர் அப்படித்தான் பறக்கிறார்கள். நான் அதைத்தான் அழுத்த உட்கார்ந்தேன். விரல் போகவில்லை. இந்த உலகத்தில் என்னை முன்பின் தெரியாத, என் முகத்தைப் பார்க்காத, தொண்டைத் தழும்பைப் பார்க்காத ஒரு ஆளிடம் பேசினால் அவருக்குப் புரியுமா, புரியாதா? புரியாவிட்டால் தெரிந்துவிடும். இனி மதியே பேசட்டும் என்று நிம்மதியாக இருந்துவிடலாம். புரிந்துவிட்டால்? அதற்குப் பிறகு என்ன என்று யோசிக்கவே கூச்சமாக இருந்தது. பேசுவேன் என்பதை அழுத்தினேன். அழுத்திவிட்டு, ஏதோ பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டவனாக நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

சாய்ந்து இவ்வளவு நேரமாகிறது. என்ஜினைக்கூட இன்னும் கிளப்பவில்லை. இரண்டு காற்றாடி வைத்த சின்ன விமானம், பயணிகள் இல்லாத பயணிகள் விமானம், என் அழைப்புப் பெயர் டேங்கோ பாப்பா. திரை ஓரத்தில் ஒரு பெயர் தெரிகிறது, ஜெசிந்தா, சென்னை கன்ட்ரோல். தமிழ்நாடு முழுவதற்கும் இப்போது அவர் ஒருவர்தான். நிஜத்தில் எத்தனையோ பேர் பார்க்கிற வேலையை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காபியோடு உட்கார்ந்து, பிள்ளைகள் சண்டை போடுவதை அதட்டிக்கொண்டே பார்ப்பாராக இருக்கும். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று எனக்கு எப்படித் தெரியும், ஆனால் அந்த அதட்டல் குரலில் இருக்கிறது. ஹெட்செட்டில் அவர் கோயம்புத்தூர் பக்கம் யாரையோ இறங்கச் சொல்கிறார், அந்த ஆள் அதை அப்படியே வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்கிறான். அதுதான் இங்கே வழக்கம். என்ன சொல்லப்பட்டதோ அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் மறுபடி, சொல்லாவிட்டால் விட மாட்டார்கள். தலையாட்டுவது, சிரித்து மழுப்புவது, பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பது எதுவும் செல்லாது. தெளிவாக இல்லை என்றால் ஒரே ஒரு சொல் வரும், சே அகெய்ன். மறுபடி சொல். மரியாதையான சொல்தான். அதை நினைத்தாலே பேங்க் கண்ணாடி ஞாபகம் வருகிறது, வரிசையில் நின்றவரின் சட்டையில் இருந்த நாப்தலின் வாசம்கூட வருகிறது, இது என்ன விநோதம், அந்தச் சொல்லுக்கும் நாப்தலினுக்கும் நடுவில் எந்த வழியாகப் போகிறது இந்த ஞாபகம்.

சரி, ஒத்திகை பார்ப்போம். மைக்கில் பேசுவதற்கான பொத்தானை ஜாய்ஸ்டிக்கின் முன்பக்க விசையில் வைத்திருக்கிறேன், ஆள்காட்டி விரல் போய் உட்காரும் இடத்தில், அதை அழுத்தினால்தான் வெளியே கேட்கும். ஒரு முறை அழுத்திப் பார்த்தேன், டக்கென்று உள்ளே போனது. கையை எடுத்துவிட்டு, சும்மா காற்றைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சென்னை கன்ட்ரோல், டேங்கோ பாப்பா, திருச்சியில் நிற்கிறேன், சென்னைக்குப் போக அனுமதி வேண்டும். ஆங்கிலத்தில்தான், ஆனால் என் காதுக்கு அது எந்த மொழியாகவும் இல்லை. காற்று. மறுபடி சொன்னேன், தாழ்த்தி. கொஞ்சம் தேவலை, ஆனால் சென்னை என்ற இடத்தில் குரல் பிசிறியது. தூத்தேறி, இதுக்குப் பேசாம எழுதியே தொலைச்சிருக்கலாம், இந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு உனக்கு ரேடியோ கேக்குதா என்று என்னையே திட்டினேன். மதி உள்ளேயிருந்து, என்னங்க யார்ட்ட பேசுறீங்க, என்றாள். யார்ட்டயும் இல்ல, என்றேன். வயிற்றிலிருந்து தள்ளு, சின்னச் சின்னதாகப் பேசு. மூன்றாவது முறை சொன்னேன், அது முழுசாக வந்தது, எனக்கே ஆச்சரியம், சந்தோஷத்தில், அப்படிப் போடு ராஜா, என்று தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன். குக்கர் விசில் அடித்தது. அப்போதுதான் கவனித்தேன், காதில் ரொம்ப நேரமாக யாருமே பேசவில்லை. ஜெசிந்தா இல்லை, கோயம்புத்தூர் ஆள் இல்லை, வானம் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு இருந்தது. திரையின் கீழே ஒரு சின்னப் பெட்டியில் எழுத்து மினுங்கியது. ஆங்கில எழுத்தில் தமிழ். அண்ணா, உங்க மைக் ஓப்பன்ல இருக்கு. எல்லாருக்கும் கேக்குது.

விசை உள்ளே போனது வெளியே வரவில்லை. கருமண்டபத்துக்காரர் ஆசை விட்டுப்போய் விற்ற ஜாய்ஸ்டிக்கில் கைவைத்துப் பார்க்கிறேன், அது பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருக்கிறது. நான் மைக்கைத் திறந்து வைத்தால் மற்றவர்கள் பேச முடியாது, ஒரே அலைவரிசை, ஒருவர் பேசினால் எல்லோரும் கேட்க வேண்டியதுதான். ஆக தமிழ்நாட்டின் மேல் பறந்துகொண்டிருந்த அத்தனை பேரும், இறங்க அனுமதி கேட்டவர்களும் ஏற அனுமதி கேட்டவர்களும், எந்தெந்த தேசத்தவர்களோ, கையைக் கட்டிக்கொண்டு என் ஒத்திகையைக் கேட்டிருக்கிறார்கள். தூத்தேறியை. மதியை. குக்கரை. ராஜாவை. முகம் முழுக்கச் சூடு பரவுகிறது, காது மடல் கொதிக்கிறது, கம்ப்யூட்டர் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டால் என்ன, டேங்கோ பாப்பா என்று ஒருவன் இருந்ததாகவே யாருக்கும் நினைவிருக்காது. ஜாய்ஸ்டிக்கை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினேன். விசை டக்கென்று வெளியே வந்தது. உடனே காதில் ஜெசிந்தா, அதட்டல் குறையாத அதே குரல், ஆனால் அதன் அடியில் ஒரு சிரிப்பை அமுக்கி வைத்திருக்கிறார். டேங்கோ பாப்பா, நீங்கள் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது, மூன்று முறையும், என்றார். சென்னைக்கு அனுமதி, இந்த வழி, இந்த உயரம், இந்த எண் என்று கடகடவென்று படித்தார். படித்துவிட்டு நிறுத்தினார். திருப்பிச் சொல்வதற்காக நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். மூன்று முறையும் என்றாரே. பிசிறியதுமா? காற்றாகப் போன முதலாவதுமா? அவர் அதையெல்லாம் விளங்கிக்கொண்டுதான் வழியும் உயரமும் சொல்கிறாரா? விசையை அழுத்தி, விட்டால் வெளியே வருகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகத் திருப்பிச் சொன்னேன். சரியாகச் சொன்னீர்கள் என்றார், அவ்வளவுதான், அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

என்ஜின் கிளம்பியது, ஓடினேன், ஏறினேன். கை மறக்கவில்லை, இதுவும் விநோதம்தான், பேரன்ட்ஸ் மீட்டிங் தேதி மறந்துபோகிற அதே ஆளின் கை, சக்கரத்தை எப்போது மடக்க வேண்டும் என்று நினைவு வைத்திருக்கிறது. மொட்டைத் திருச்சி கீழே சுருங்கியது. மேகங்களையும் பாதி எடுத்துவிட்டதால் வானம் கழுவி வைத்த தட்டாக இருக்கிறது. இப்போது வேலை ஒன்றும் இல்லை, கேட்கிற வேலைதான். கேட்கக் கேட்க ஒன்று புலப்படுகிறது. இங்கே யாருக்குமே நல்ல குரல் இல்லை. ஒருவனுக்குத் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மைக். ஒருவர் பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு நாய் அதற்குப் பதில் சொல்கிறது. இன்னொருவருக்கு மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்கிறது, சொல் எங்கோ தூரத்தில். எல்லோரும் என்னைப் போலக் கையில் இருக்கிற காசுக்கு ஹெட்செட் வாங்கியவர்கள். இதில் என் தொண்டை எது, என் மலிவு மைக் எது என்று ஜெசிந்தா எப்படிப் பிரிப்பார்? பிரிக்க மாட்டார். இன்றைக்கு மைக் சரியில்லாத பலரில் நானும் ஒருவன். இதை நினைத்ததும் நாற்காலியில் என் தோள்கள் இறங்கின, அவை இவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டு நின்றதே இறங்கியபோதுதான் தெரிந்தது. ஆனால் மனசு விடுகிறதா, அப்படியானால் இது ஒரு ஏமாற்றுதானே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேங்க் பெண்ணிடம் மைக் சரியில்லை என்று சொல்ல முடியுமா, என்று கேட்கிறது. கேட்கட்டும்.

அந்த நேரத்தில்தான், ஹலோ, என்று ஒரு குரல். ஹலோ சென்னை, ஹலோ, கேக்குதா, ஹலோ. இங்கே யாரும் ஹலோ சொல்வதில்லை. நடுத்தர வயது ஆண், புதுசு, பயந்த குரல். சேலத்திலிருந்து சின்ன விமானத்தில் கிளம்பியிருக்கிறார், மேகத்துக்குள் நுழைந்துவிட்டார், ஒன்றும் தெரியவில்லை என்கிறார். ஜெசிந்தா உடனே பதில் சொன்னார், பொறுமையாக, இரண்டு தரம். அந்த ஆள் மறுபடி, ஹலோ சென்னை, என்றார். அவருக்குக் கேட்கவில்லை. திருச்சியில் சென்னை கன்ட்ரோலுக்கு ஒரு ஆன்டெனா உண்டு, சேலம் பக்கம் கிடையாது, அங்கே தாழப் பறந்தால் தூரத்துக் குரல் எட்டாது, நிஜ ரேடியோவில் எப்படியோ அப்படியே இங்கேயும் செய்து வைத்திருக்கிறார்கள், இவ்வளவு சிரத்தை எதற்கு என்று நான் சிரித்துக்கொண்டிருந்தபோது, காதில் என் பெயர். டேங்கோ பாப்பா, சேலத்துக்காரர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா? கேட்கிறது என்றேன். நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை, எழுதிப் போட்டதையும் அவர் பார்க்கவில்லை, என்றார் ஜெசிந்தா. நாலாயிரம் அடியில் வடக்கே போகிறார், முன்னால் சேர்வராயன் மலை. எட்டாயிரத்துக்கு ஏறச் சொல்லி நீங்கள் அவருக்குச் சொல்ல முடியுமா? உயரத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள், நீங்கள் பேசினால் கேட்கும்.

நான் பேசினால் கேட்குமாம். சுற்றிலும் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரையைப் பார்த்தேன். நாய்க்காரர் கடல்மேல் இருக்கிறார், தகர டப்பா கேரளாவில். மலை நிஜமில்லை, அந்த மலையிலும் மரங்கள் இல்லை, அவர் மோதினால் திரை கறுத்துப்போகும், சேலத்தில் ஒரு வீட்டில் ஒருவர் உச்சுக் கொட்டிவிட்டு எழுந்து போவார், அவ்வளவுதான். அப்படியிருக்க என் உள்ளங்கை ஏன் வேர்க்கிறது? யாரை ஏமாற்றுகிறது இந்த உடம்பு? விசையை அழுத்தினேன். முறைப்படி, ஆங்கிலத்தில், நீளமாக, சேலம் பக்கம் பறக்கும் விமானத்துக்கு சென்னை கன்ட்ரோல் சொல்லச் சொன்ன செய்தி என்று ஆரம்பித்து மூச்சுப் போதாமல் நடுவில் காற்றாகி முடித்தேன். மறுமுனையிலிருந்து வந்தது அந்தச் சொல். சே அகெய்ன்? ஒண்ணும் புரியல, சே அகெய்ன்? இத்தனை நாள் பயந்த சொல் வந்தேவிட்டது. நான் சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன், என்னை அறியாமல், அவள் வருவாள் என்று. அவள் வந்து என்ன செய்வாள்? அவளுக்கு எட்டாயிரம் அடி தெரியுமா, சேர்வராயன் மலை எந்தத் திசையில் என்று தெரியுமா? அந்த ஆளுக்கும் எனக்கும் நடுவில் எட்டிப் பார்த்து எனக்காகப் பேச இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. இதை நினைத்தபோது பயமாக இருந்ததைவிட, அட, அப்படியா, என்றுதான் இருந்தது. வயிற்றிலிருந்து. தாழ்த்தி. சின்னச் சின்னதாக. விதியாவது ஒன்றாவது என்று தமிழில் சொன்னேன்.

"அண்ணே. ஏறுங்க. முன்னாடி மலை. ஏறுங்க."

"ஆ, மலையா? ஏறுறேன், ஏறுறேன் சார். எவ்வளவு சார்?"

"எட்டாயிரம்."

"சரி சார்."

"சரின்னு சொல்லாதீங்க. திருப்பிச் சொல்லுங்க."

"எட்டாயிரம். எட்டாயிரத்துக்கு ஏறுறேன்."

திருப்பிச் சொன்னார், சரியாகச் சொன்னார். நான் காற்றுமாக மணலுமாகச் சொன்ன எட்டாயிரம், சேலத்துக்காரரின் வாயிலிருந்து முழுசாகத் திரும்பி என் காதுக்கு வந்தது. இந்த வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று ஊகிக்க வேண்டியதே இல்லை. ஐயாயிரம் தாண்டிட்டேன் சார், என்றார். ஆறு. மேகத்துக்கு மேல வந்துட்டேன் சார், அப்பாடா, வெளிச்சம், கீழ என்னமோ பச்சையாத் தெரியுது சார் என்று கத்தினார். அவருக்கு மரங்கள் இருக்கின்றன, கொடுத்து வைத்தவர். ஜெசிந்தா நன்றி சொல்லி, அவருக்கு இப்போது தன் குரல் கேட்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். கேக்கல சார், நீங்க பேசுறதுதான் நல்லா கேக்குது, நீங்களே சொல்லுங்க என்றார். அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எப்படித் திரும்பி இறங்குவது, இறங்குவதற்கு முன்னால் எதை இழுக்க வேண்டும், சார் இந்தச் சிவப்பு விளக்கு எரியுதே அது பரவாயில்லையா. அவர் கேட்கிறார், நான் சொல்கிறேன், ஜெசிந்தா இடையில் ஒன்று சொல்கிறார், அதையும் சேர்த்துச் சொல்கிறேன். மூச்சு வாங்குகிறது, நிறுத்துகிறேன், அவர் காத்திருக்கிறார், மறுபடி சொல்கிறேன். நாலு வாக்கியம் எப்போதோ தாண்டிவிட்டது.

அறை வாசலில் மதி நிற்கிறாள். கையில் கரண்டி. எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஹெட்செட்டைத் தூக்காமல் என்ன என்று கண்ணால் கேட்டேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது, தாளித்த புகையாகவும் இருக்கலாம், இல்லை, புகையில்லை. கூடத்தில் போன் அடித்தது. அவள் போனாள். புதுக்கோட்டையிலிருந்து அவள் அண்ணன், ஞாயிற்றுக்கிழமையானால் கூப்பிடுவார், மாப்பிள்ளை எப்படியிருக்கார் என்று கேட்பார். சேலத்துக்காரர், சார் இப்ப இடது பக்கம்தானே, என்றார். இடதுதான், மெதுவா, என்றேன். ஹெட்செட்டின் பஞ்சைத் தாண்டி அவள் குரல் எனக்குக் கேட்டது.

"இல்லண்ணே, இப்ப தர முடியாது. அவர் பேசிக்கிட்டிருக்கார்."